தேயிலை அறை வாசலில் ஐந்து ஆணிகள்

நான் வேலை பார்த்த கிடங்கின் மாடியில் இப்போது காபிக் கடை நடக்கிறது. போன மாதம் என் தம்பி மகன் என்னை அங்கே அழைத்துப் போனான். நாற்காலிகள் எல்லாம் பழைய மரம்; வாங்கும்போதே பழையதாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். விலைப்பட்டியலில் மட்சா என்று ஒன்று இருந்தது. என்ன அது என்று கேட்டேன். பச்சைத் தேயிலையை மாவாக அரைத்தது, ஜப்பானில் குடிப்பார்கள் என்று பரிமாற வந்த பெண் சொன்னாள். பார்க்கலாமா என்றேன். உள்ளே போய்ச் சின்ன டப்பா ஒன்றை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவந்து, என் முகத்துக்கு நேரே படக்கென்று திறந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடியின் உட்பக்கம் வேர்த்தது.

"மூடும்மா" என்றேன். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் மூடிவிட்டாள்.

பணம் வாங்க வந்தபோது, நான் முன்பு அங்கேயே வேலை பார்த்தவள் என்று தம்பி மகன் பெருமையாகச் சொல்லிவைத்தான். உடனே அந்தப் பெண் மாடிப்படி முடியும் இடத்தைக் காட்டினாள். "பாட்டி, அந்த வாசல்ல ஆணிங்க இருக்கே, எதுக்குன்னு தெரியுமா? நாலு ஒரே வரிசையா இருக்கு. ஒண்ணு மட்டும் தள்ளி, கோணலா இருக்கு. ஓனர் புடுங்கவும் வேணாங்கறாரு, என்னான்னும் தெரியலங்கறாரு."

"பூ மாட்டறதுக்கு" என்றேன். கிழவிக்கு ஏதோ குழப்பம் என்று நினைத்திருப்பாள். நின்றுகொண்டே சொல்லி முடிகிற கதையில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் அங்கே சேர்ந்தது ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியதற்கு அடுத்த வருஷம். எங்கள் வீடு முதலியார்பேட்டையில். அப்பா மில் தொழிலாளி. மில் ஓடும் நாளைவிட ஓடாத நாள் அதிகம் என்று ஆனபோது, மூத்தவளான என்னைக் கிடங்கு வேலைக்கு அனுப்பினார்கள். முதல் வருஷம் கீழ்த்தளத்தில் காபிக் கொட்டை பொறுக்கினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கல் எது, கொட்டை எது என்று தெரிந்தால் போதும். அதற்குப் பிறகு மாடியில் தேயிலை அறைக்கு மாற்றினார்கள்.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் பலர் சைகோனுக்குப் பட்டாளத்துக்கும் உத்தியோகத்துக்கும் போனார்கள். சிலர் அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு திரும்பினார்கள். அந்த வீடுகளில் எல்லாம் பால் சேர்க்காத பச்சைத் தேயிலைதான். முன்பு அது சைகோனிலிருந்தே கப்பலில் வந்தது. அந்த வழி அடைபட்ட பிறகு, வடக்கே எங்கோ மலையில் விளைந்தது கல்கத்தா வழியாக வந்தது. எப்போதாவது ஒருமுறைதான் வரும். வந்ததை அடுத்த சரக்கு வரும்வரை கெடாமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் வேலை அதுதான்.

கருப்புத் தேயிலை நாலு நாத்தனாரோடு வாழ்ந்து பார்த்த மருமகள் மாதிரி, எதையும் தாங்கும். பச்சைத் தேயிலை அப்படியில்லை. வெளிச்சம் பட்டால் வெளுக்கும். காற்றுப் பட்டால் வைக்கோல் வாசம் வந்துவிடும். ஈரம் பட்டால் தீர்ந்தது. எல்லாவற்றையும்விட மோசம், பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். கடற்கரை ஊரில், காபி வறுக்கும் அடுப்புக்கு மேல் மாடியில், அதை வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

காப்பாற்றியவர் முசே அமலோர். துரைமாரைக் கூப்பிடுவதுபோலப் பிரெஞ்சு முறைக்கு அவரை முசே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சைகோனில் ஒரு பெரிய கடையில் கிடங்குப் பொறுப்பில் இருந்தவர், தமிழ்க் கிறிஸ்தவர். ஒல்லியான உடம்பு, வெள்ளைக் கால்சட்டை, வெயில் தொப்பி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும். அதற்குத் திட்டே வாங்கிவிடலாம்.

அறைக்கு இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்திய பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும், கீழே இருக்கிற காபிப் புகை கூடவே வந்துவிடக் கூடாது என்று. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர்த் தொட்டியும் பயத்தமாவுக் கிண்ணமும் இருக்கும். சோப்பு ஆகாது, அதற்கு வாசனை உண்டு. பயத்தமாவு போட்டுக் கை கழுவி, துடைத்து, இரண்டு உள்ளங்கையையும் முசேவிடம் நீட்ட வேண்டும். அவர் தம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து மோந்து பார்ப்பார். "சரி, உள்ள போ" என்றால் போகலாம். "காலையில கருவாடா?" என்றால் திரும்பப் போய்க் கழுவ வேண்டும். தானும் கழுவிவிட்டுத் தன் கையைத் தானே மோந்து பார்ப்பார். அவருக்குச் சுருட்டுப் பழக்கம் உண்டு. வேலை நாளில் தொடமாட்டார்.

உள்ளே ஜன்னல்கள் சாத்தியிருக்கும். மழைக்காலத்தில் மூலைக்கு மூலை பானையில் சுட்ட சுண்ணாம்பு வைப்போம், காற்றில் இருக்கிற ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். பெரிய பெட்டியைத் திறந்த அன்றே, சூட்டோடு சூடாகத் தேயிலையைச் சின்ன டப்பாக்களுக்கு மாற்றிவிட வேண்டும். டப்பாவுக்குள் ஈயத்தாள். தேயிலையைத் தட்டித் தட்டி விளிம்பு வரை நிரப்ப வேண்டும். "காலி இடம் விட்டா அங்க காத்து குடியிருக்கும்" என்பார். மூடி போட்டு, அதைச் சுற்றிக் காகிதப் பட்டையைப் பசை தடவி ஒட்டினால் சீல் ஆயிற்று. சில்லறை விற்பனைக்கு ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் திறப்போம். அது தீராமல் அடுத்ததைத் தொடக் கூடாது.

இனி பூ. வாசலில் நாலு ஆணி இருந்தன. ஒன்று முசேவின் தொப்பிக்கு. மற்ற மூன்றும் பாப்பம்மாக்கா, ரெஜின், நான் ஆகிய மூவரின் பூவுக்கு. மல்லிகை வைத்த தலையோடு தேயிலை அறைக்குள் போக முடியாது. கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு போவோம். எனக்கும் ரெஜினுக்கும் அப்போது கல்யாணம் ஆகவில்லை. பாப்பம்மாக்கா மூன்று பிள்ளை பெற்றவள். ஆரம்பத்தில் அவள்தான் சண்டை போட்டாளாம்: "தாலி கட்டினவன் உயிரோட இருக்கான், என்னைப் பூவக் கழட்டச் சொல்றீங்களே." முசே தம் தொப்பியைக் கழற்றிப் பக்கத்து ஆணியில் மாட்டினாராம். தொப்பி இல்லாமல் அவரை அதுவரை யாரும் பார்த்ததில்லை. தலை முழுக்க வழுக்கை. பாப்பம்மாக்கா சிரித்துவிட்டாளாம். சிரித்த பிறகு சண்டை போட முடியாது.

சரசு வந்தது அதற்குப் பிறகு. நோணாங்குப்பத்துப் பெண். பயிர் வைக்கிற குடும்பம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, புருஷனுக்கு டி.பி. என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் அவனுக்கு முட்டையும் பாலும். வேலைக்கு வந்த முதல் நாள் வாசலில் நின்றாள். பூவைக் கழற்றச் சொன்னதும் முகம் வெளுத்துப்போனது.

"முசே, அவரு படுக்கையில கெடக்கறாரு. இப்பப் போயி நான் பூவக் கழட்டினா, என் மாமியா என்னை ஊட்டுக்குள்ளயே விடாது. எனக்கும் மனசு வராதுங்க."

முசே கண்ணாடியைத் துடைத்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார். அவள் வைத்திருந்தது கனகாம்பரம்.

"இது என்ன பூ? வாசனை இருக்கா?"

"கனகாம்பரத்துக்கு ஏதுங்க வாசனை? கலருதான்."

உதிர்ந்த ஒரு பூவைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார். கசக்கியும் மோந்து பார்த்தார். "இது மட்டும் வைக்கலாம். வேற பூ வச்சா கழட்டணும்" என்றார். அன்று முதல் தேயிலை அறைக்குள் பூவோடு போனது சரசு ஒருத்திதான். அவளுக்கு ஆணி வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கு அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஐஸ் பெட்டி வந்தது ஒரு பங்குனியில். இப்போது ஃப்ரிட்ஜ் என்கிறோமே, அதுதான். முதலாளி அதை வாங்கியது பாலாடைக்கட்டிக்கும் வெண்ணெய்க்கும். வெள்ளைக்காரத் தெருக்களில் கேட்டு வாங்குவார்கள் என்று நினைத்தார். அவர் வாங்கி முடிப்பதற்குள் வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் கப்பல் ஏறிவிட்டார்கள். கீழே சும்மா கிடந்த பெட்டியை முசே கேட்டு வாங்கி மாடிக்கு ஏற்றினார். இரண்டு கதவுக்கும் நடுவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அதிலிருந்த பாலாடைக்கட்டி நாற்றத்தைப் போக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. சோடா உப்பால் துடைத்தார், கதவைத் திறந்துபோட்டுக் காயவிட்டார், தட்டுத் தட்டாக அடுப்புக்கரி வைத்தார். தலையை உள்ளே நுழைத்து மோந்து பார்த்து, தனக்குத் திருப்தியான பிறகுதான் ஒரு டப்பாவை உள்ளே வைத்தார்.

குளிரில் தேயிலை நிறம் மாறவேயில்லை. வெயில் காலத்தில் வழக்கமாகப் பழுப்பாகிவிடும் சரக்கு, பெட்டி பிரித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. முசே வாய்விட்டு மகிழ்ந்து நான் பார்த்தது அப்போதுதான். ஆனால் அதற்கும் ஒரு முறை வைத்தார். குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்தவுடன் திறக்கக் கூடாது. பளிங்கு மேஜைமேல் வைத்துவிட வேண்டும். ஊர்க் காற்று பட்டதும் அது வேர்க்கும். துடைக்க வேண்டும். திரும்ப வேர்க்கும், திரும்பத் துடைக்க வேண்டும். புறங்கையை வைத்துப் பார்த்து, டப்பாவும் நம் கையும் ஒரே சூடு என்று ஆன பிறகுதான் மூடியில் கை வைக்கலாம். "வெளிய வேர்த்தா துடைச்சிடலாம். உள்ள வேர்த்தா என்ன பண்ணுவ?" என்று கேட்பார். வாடிக்கையாளர் கீழே காத்திருந்தால் காத்திருக்கட்டும். சாயங்காலம், திறந்திருக்கும் சில்லறை டப்பாவின் மூடியை அழுத்தி, திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிடுவோம்.

அந்த வருஷம் சித்திரை வெயில் பொல்லாதது. கீழிருந்து வறுவல் சூடு வேறு. மத்தியானத்துக்குள் ஆணியில் மாட்டிய மல்லிகை சுருண்டுவிடும். பாப்பம்மாக்கா ஒரு நாள் தன் சரத்தை எடுத்து முசேவுக்கு நேரே காட்டினாள். "காப்பிக் கொட்டையோட எங்க பூவும் வறுபட்டுப் போவுது முசே. இத வச்சிக்கிட்டுப் போனா என் ஊட்டுக்காரரு, எந்தச் சமாதியில எடுத்தன்னு கேக்கறாரு."

முசே அந்தச் சரத்தைக் குனிந்து பார்த்தார். மறுநாள் காலையில் ஐஸ் பெட்டியின் அடித்தட்டு காலியாக இருந்தது. "பூவை வாழை இலையில சுத்தி இங்க வைங்க" என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல். அன்றிலிருந்து ஆணிகளில் அவர் தொப்பி மட்டும்தான் தொங்கியது. சாயங்காலம் சில்லென்ற பூவைத் தலையில் வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் ராணி மாதிரி நடந்து போவோம். கழுத்தில் குளிர் இறங்கும். அவ்வளவு கண்டிப்பான மனிதர் எங்களுக்கு இப்படி ஒரு தயவு செய்தாரே என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆனி மாதத்தில் மதாம் லான் வந்தாள். சைகோன் பெண்மணி. பட்டாளத்தில் இருந்த இந்த ஊர்த் தமிழரைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவர் இறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. வருஷா வருஷம் அவர் இறந்த நாளில், அவள் ஊர் வழக்கப்படி, படத்துக்கு முன்னால் பச்சைத் தேநீர் வைப்பாள். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்க்கிற மாதிரி மாடிக்கே ஏறி வந்து, வாசலில் நின்று, வாங்கிப்போன பொட்டலத்தை முசேவிடம் நீட்டினாள்.

"நீ மோந்து பார்."

முசே மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அவரைத் தூக்கிட்டுப் போன நாள், வீடு எல்லாம் இந்த வாசனை. மாலை வாசனை. வாடின மாலை. இதை நான் அவர் முன்னால எப்படி வைக்கிறது?" என்றாள். அவள் தமிழ் முறிந்து முறிந்துதான் வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை என்று இருந்தது.

அவள் போன பிறகு முதலாளி மேலே வந்தார். சைகோன் குடும்பங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பழக்கம். ஒரு வீட்டில் பேசினால் எல்லா வீட்டிலும் பேசியாயிற்று. பச்சைத் தேயிலை வியாபாரமே அவர்களை நம்பித்தான்.

"பூ வாசனைன்னா பூவுலேருந்துதான வரும்? பூ வச்சிக்கிட்டு உள்ள போறது யாரு?" என்று கேட்டார்.

முசே, "சரசு" என்றார்.

"திங்கக்கெழமைலேருந்து அது வர வேணாம். அனுப்பியாச்சுன்னு நான் மதாமுக்குச் சொல்லி அனுப்பிச்சிடறேன்."

முதலாளி படி இறங்கினார். அன்று சனிக்கிழமை. முசே 'சரசுவின் பூவுக்கு வாசனை இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அவரே மோந்து பார்த்து அனுமதித்த பூ அது. நான் வாயைத் திறப்பதற்குள் சரசு எழுந்தாள். தலையில் கட்டிய துணியை அவிழ்த்தாள். முசேவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தலையைக் குனிந்தாள்.

"மோந்து பாத்துட்டு அனுப்புங்க முசே. எல்லார் கையையும் மோந்து பாக்கறீங்களே. இதையும் பாருங்க. வாசனை வந்தா நானே போறேன். வரலன்னா, அவரு முட்டைக்கும் பாலுக்கும் நான் எங்க போவேன்னு நீங்களே சொல்லுங்க."

வயசுப் பெண்ணின் தலைப்பூவை வேற்று ஆண் குனிந்து மோந்து பார்ப்பதென்பது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமா? ரெஜின் சிலுவை போட்டுக்கொண்டாள். முசே ஒரு அடி பின்னால் போனார். பிறகு, தினமும் செய்வதுபோலவே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். அவ்வளவு நேரம் அவர் எங்கள் கைகளைக்கூட மோந்து பார்த்ததில்லை.

"ஒண்ணும் இல்லை" என்று சொல்லி நிமிர்ந்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. நேரே அலமாரிக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது வரிசையாக நினைவிருக்கிறது. சரசு கையால் நிரப்பிச் சீல் வைத்த டப்பா ஒன்றை அதிலிருந்து எடுத்தார். பட்டையை அறுத்துத் திறந்தார். புல் வாசனை, சுத்தமான பச்சை வாசனை. அதே நாளில் நான் நிரப்பியதைத் திறந்தார். அதுவும் அப்படியே. சில்லறை டப்பாவைத் திறந்தார். வாடிய மாலை.

"நிரப்பும்போது கெடலை. கெட்டிருந்தா சீல் வச்சதும் கெட்டிருக்கணும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். "திறந்த பிறகு கெட்டிருக்கு. திறந்த டப்பா ராத்திரி எங்க இருக்கு?"

ஐஸ் பெட்டியில் என்று பாப்பம்மாக்கா சொன்னாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

முசே போய் அதன் கதவைத் திறந்தார். மேல் தட்டுகளில் கரி. அடித்தட்டில் வாழை இலையில் சுற்றி எங்கள் மூன்று பேரின் மல்லிகைச் சரம். தலையை உள்ளே நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆளை மோந்து பார்ப்பதுபோலவே அந்தப் பெட்டியை மோந்து பார்த்தார். தேயிலைக்கு எட்டக் கூடாது என்று வாசலிலேயே கழற்றி வைத்த பூ. அதைத் தேயிலையோடு ஒரே பெட்டியில் போட்டுக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம். நாங்கள் எல்லோரும் தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடினோம். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பூ அறைக்கு வெளியே இருக்கிறது, சட்டம் மீறப்படவில்லை, அதோடு எங்கள் யோசனை நின்றுவிட்டது.

"குளிர்ந்தா டப்பாக்குள்ள இருக்கிற காத்து சுருங்கும். சுருங்கினா வெளிக்காத்தை உள்ள இழுக்கும். சீல் இருந்தா இழுக்க முடியாது. சாயங்காலம் பூவை எடுத்தாலும் வாசனை பெட்டியிலயே தங்கிடுது. திறந்த டப்பா ராத்திரி பூரா அதைத்தான் மூச்சு வாங்கியிருக்கு" என்றார். பிறகு மெதுவாக, "வைக்கச் சொன்னது நான்" என்றார்.

ஆனாலும் அவர் சோதிக்காமல் விடவில்லை. புதிதாக இரண்டு டப்பா திறந்தார். ஒன்றை எங்கள் பூவோடு ஐஸ் பெட்டியில் வைத்தார். இன்னொன்றைப் பெரிய கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, அதன் பக்கத்தில் சரசுவின் சரத்திலிருந்து உதிர்ந்த கனகாம்பரத்தைப் போட்டு மூடினார். ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலை நாங்கள் வந்தபோது இரண்டும் பளிங்கு மேஜைமேல் இருந்தன. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது வேர்த்து அடங்கும்வரை எங்களையும் காத்திருக்க வைத்தார். ஜாடியில் இருந்தது சுத்தம். மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. சரசு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியிருந்தும் வந்திருந்தாள்.

முசே முதலாளியிடம் போய், தப்பு தன்னுடையது என்று சொன்னார். முதலாளி கெட்டவரில்லை, வியாபாரி. "இருக்கட்டும் முசே. அந்தப் பொண்ண அனுப்பியாச்சுன்னு மதாமுக்குச் சொல்லியாச்சு. இப்ப அனுப்பலன்னு சொன்னா கடைக்குத்தான் அசிங்கம். கொஞ்ச நாள் கழிச்சிக் கீழ வேற வேலை இருந்தா பாக்கலாம்" என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

முசே தொப்பியை எடுத்துக்கொண்டார். சீல் வைத்த டப்பா ஒன்றை என் கையில் கொடுத்தார். "வா தனம். அந்த அம்மா தனியா இருக்கிற வீடு, நான் மட்டும் போறது சரியில்லை."

மதாம் லான் வீடு, வெள்ளைக்காரத் தெருக்களையும் எங்கள் தெருக்களையும் பிரிக்கிற கால்வாய்க்கு இந்தப் பக்கம், சின்ன வீடு. முசே வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவர்கள் முதலில் பிரெஞ்சில் பேசினார்கள். பிறகு எனக்கும் புரிய வேண்டும் என்றோ என்னவோ, அவர் தமிழில் சொன்னார்: "அந்தப் பொண்ணு தப்பு செய்யலை மதாம். பூவை அந்தப் பெட்டியில வைக்கச் சொன்னது நான். அது என் புத்திக்கு எட்டலை."

அவள் உள்ளே போனாள். தேநீர் போட்டுக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள். வீட்டில் மிச்சம் இருந்த கெட்ட சரக்கில் போட்டது. எனக்கே வாசனை அடித்தது. முசே கோப்பையை எடுத்து, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார். தேயிலை விஷயத்தில் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்த எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவள் புது டப்பாவை வாங்கிப் பட்டையை அறுத்தாள். மோந்து பார்த்தாள். எழுந்து போய், சுவரில் இருந்த புருஷன் படத்துக்குக் கீழே அந்த டப்பாவைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் வைத்தாள். முசேவுக்கு அது பொறுக்காத காரியம், திறந்த டப்பா. தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இதைக் கட்டினது யார்?" என்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணுதாங்க, சரசு" என்றேன் நான்.

மறுநாள் மதாம் லான் கடைக்கு வந்தாள். கல்லாவில் இருந்த முதலாளியிடம், இனிமேல் தன் வீட்டுக்கும் தெரிந்த வீடுகளுக்கும் அந்தப் பெண் கட்டின டப்பாதான் வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். சரசு அன்று மத்தியானமே மேலே வந்து உட்கார்ந்தாள். கனகாம்பரத்தோடுதான். முதலாளி அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

எங்கள் பூ பழையபடி ஆணிக்குப் போனது. "நம்ம தலையெழுத்து வறுபட்ட பூவுதான்" என்று பாப்பம்மாக்கா அலுத்துக்கொண்டாள், ஆனால் முசே காதில் விழாதபடி. அந்த வாரத்திலேயே ஒரு நாள் முசே சுத்தியலும் ஆணியுமாக வாசலில் நின்றார். கிடங்குக் கணக்கில் புலி, சுத்தியல் பிடிக்கத் தெரியாது. வரிசையில் இடம் இருந்தும் தள்ளி அடித்தார், அதுவும் கோணலாக.

"யாருக்கு முசே?" என்றாள் சரசு.

"உனக்கு."

"எனக்கு எதுக்குங்க? நான்தான் கழட்ட மாட்டேனே."

"இருக்கட்டும்மா. ஒரு நாள் மாட்டுவ."

அந்த ஆணி அதற்குப் பிறகு வெகு நாள் சும்மாவே இருந்தது. முசே தொப்பியைக்கூட அதில் மாட்டமாட்டார். சரசு புருஷனுக்கு ஒரு சமயம் தேறும், ஒரு சமயம் மோசமாகும். மோசமான நாட்களில் அவள் கனகாம்பரத்தை இன்னும் நெருக்கமாகக் கட்டி வைத்துக்கொண்டு வருவாள். நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம். தலையைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும். பூ இல்லாமல் வந்துவிடக் கூடாதே என்று தினமும் காலையில் படியில் அவள் காலடிச் சத்தம் கேட்கும்போது நான் படியையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பிரஜை உரிமை பிரெஞ்சா இந்தியாவா என்று எழுதிக்கொடுக்கச் சொன்ன காலம் வந்தது. முசே பிரான்சில் இருந்த மகளிடம் போவதாக முடிவு செய்தார். அவர் கப்பலுக்குச் சில வாரம் முன்னால் ஒரு காலையில் கீழ்ப்படியிலேயே மல்லிகை வாசனை வந்தது. எங்கள் மூன்று பேர் பூவும் ஏற்கெனவே ஆணியில் இருந்தது. யாரென்று திரும்பிப் பார்த்தோம்.

சரசு. தலை நிறைய குண்டு மல்லி.

வாசலில் நின்றாள். யாரும் சொல்லாமல், தானே கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சரத்தை அவிழ்த்தாள். அந்தக் கோணல் ஆணியில் மாட்டினாள். பயத்தமாவு போட்டுக் கை கழுவினாள், துடைத்தாள், நீட்டினாள்.

"அவரு குணமாயி நேத்து ஊட்டுக்கு வந்துட்டாரு முசே" என்றாள்.

முசே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். உள்ளங்கைகளை மோந்து பார்த்தார்.

"சரி, உள்ள போ" என்றார்.

அன்று வெயில் அதிகம். சாயங்காலத்துக்குள் அந்தப் பூ நன்றாகவே வாடிவிட்டது. அதைத்தான் தலையில் வைத்துக்கொண்டு, எங்களில் யாருக்கும் காத்திருக்காமல், சரசு படியிறங்கி வீட்டுக்குப் போனாள்.